மலையில் இருந்து கோணமலைக்கு

வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வரும் சொந்தக்காரர்கள் நம் தேயிலைத் தோட்டத்தில் நாலு நாள் இருந்ததும், ஐந்தாம் நாள் யாராவது ஒருவர் தொடங்கிவிடுவார்: "இவ்வளவு தூரம் வந்தாச்சு, கோணேசரையும் ஒரு எட்டுப் பார்த்துட்டு வந்துடுவோமே." திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்கு அன்றிரவே வான் பேசியாகிவிடும். விடியப் புறப்பட்டு, மத்தியானம் போய் இறங்கி, வெயிலில் ஒரு கும்பிடு போட்டு, படம் எடுத்து, இரவோடு இரவாகத் திரும்பிவிடுவார்கள். மறுநாள் வீடு முழுக்க இடுப்பு வலி.

நான் மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் இருக்கிறேன். இந்தக் கூத்தை நானும் மூன்று தடவை ஆடியிருக்கிறேன். இப்போது யார் வந்தாலும் ஒரே பேச்சுதான். இரண்டு இரவு தங்க முடியும் என்றால் போவோம், இல்லாவிட்டால் அடுத்த வருடம் பார்க்கலாம்.

காரணம் தூரம் மட்டுமில்லை. திருகோணமலையில் கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் அந்தப் பாறை முனைக்கும் நம் மலைக்கும் இடையில் பழைய தொடர்பு ஒன்று ஓடுகிறது, தண்ணீராகவே ஓடுகிறது. எங்கள் ஊர் வழியாகப் போகும் கொத்மலை ஓயா என்ற ஆறு மகாவலி கங்கையில் சேர்கிறது. மகாவலி கண்டியைச் சுற்றிக் கிழக்கே திரும்பி, வடக்கே ஏறி, 335 கிலோமீற்றர் ஓடி, கடைசியில் கொட்டியாரக் குடாவில் கடலில் விழுகிறது. கோணேசர் மலைக்குத் தெற்கே தெரியும் குடா அது. நாம் கொழுந்து பறிக்கிற சரிவில் விழுந்த மழை அங்கேதான் போய்ச் சேருகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறினால் பயணமே வேறு மாதிரி இருக்கும்.

முதலில் காலநிலை. கனடா, லண்டன்காரர்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் வருகிறார்கள். அப்போது மலையில் தென்மேற்குப் பருவமழை, சாரல், பனிமூட்டம். கிழக்கில் அதே நாட்களில் வானம் வெளுத்து, கச்சான் காற்று அனலாக வீசும். காலையில் ஸ்வெட்டரோடு ஏறியவர் பின்னேரம் விசிறி தேடுவார். இரண்டு விதமான உடுப்பும் வேண்டும். நவம்பர் முதல் ஜனவரி வரை அங்கே வடகிழக்குப் பருவமழை. கோவிலுக்குப் போகலாம், கடலில் இறங்க முடியாது. மலையில் அடைமழை என்றால் மண்சரிவு எச்சரிக்கையைக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். கினிகத்தேனை வழியும் றம்பொடை வழியும் ஒரே இரவில் மூடப்பட்டதை நாங்கள் பார்த்திருக்கிறோம்.

வான் என்றால் தலவாக்கலையில் இருந்து ஏழெட்டு மணி நேரம். ஹட்டன், நாவலப்பிட்டி, கம்பளை, கண்டி, மாத்தளை, தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய், திருகோணமலை. பஸ்ஸில் வருபவர்கள் கண்டியில் மாற வேண்டும். அங்கிருந்து நேர் பஸ் உண்டு. கண்டியில் இருந்து மட்டும் 180 கிலோமீற்றர் அளவு இருக்கும். ரயில் மோகத்தோடு வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. திருகோணமலைக்குத் தண்டவாளம் இருக்கிறது, ஆனால் அது கல்லோயா சந்தியில் பிரியும் பாதை. மலைநாட்டு ரயிலில் இறங்கி மாறி ஏறிப் போவதற்குள் விடுமுறை பாதி முடிந்துவிடும். எல்ல, நானுஓயா பக்கத்தோடு ரயில் ஆசையைத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையில் காட்டு யானை பாதைக்கு வரும். பொழுது சாய்வதற்குள் அந்தத் துண்டைத் தாண்டிவிடுங்கள். யானையைக் கண்டால் பழம் நீட்டுவதும் ஜன்னலைத் திறந்து செல்ஃபி எடுப்பதும் வேண்டவே வேண்டாம்.

வழியில் கம்பளையைத் தூக்கத்தில் கடந்துவிடாதீர்கள். 1820களில் ஜோர்ஜ் பேர்ட் என்ற ஆங்கிலேயர் முதல் கோப்பித் தோட்டம் போட்ட சிங்ஹாபிட்டிய அங்கேதான் இருக்கிறது. தேயிலை பின்னால் வந்தது. நம் ஆட்களை இந்த மலைக்கு இழுத்தது கோப்பி. அவர்கள் தென்னிந்தியாவில் இருந்து தோணியில் மன்னார்க் கரைக்கு வந்து, காட்டு வழியே தம்புள்ளை, மாத்தளை என்று நடந்தே மலை ஏறினார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்கள் ஏராளம். 2023இல், வந்து 200 ஆண்டு ஆன நினைவாக, தலைமன்னாரில் இருந்து மாத்தளை வரைக்கும் ஒரு கூட்டம் மறுபடி நடந்தது. நீங்கள் குளிரூட்டிய வானில் மாத்தளையில் இருந்து தம்புள்ளைக்குப் போகும்போது, அவர்கள் வந்த பாதையில் எதிர்த்திசையில் போகிறீர்கள். மாத்தளை முத்துமாரியம்மன் கோவில் பிரதான வீதியிலேயே இருக்கிறது. அரை மணி நேரம் இறங்குங்கள். மாசி மகத்துக்கு ஐந்து தேர் இழுக்கிற கோவில் அது.

இன்னொரு கூட்டமும் இந்தப் பக்கமாக மலைக்கு ஏறியிருக்கிறது, துப்பாக்கியோடு. 1803இல் கண்டியைப் பிடிக்க ஆங்கிலேயர் இரண்டு படை அனுப்பினார்கள். ஒன்று கொழும்பில் இருந்து, மற்றது கர்னல் பார்பட் தலைமையில் திருகோணமலையில் இருந்து. போன காரியம் அந்த முறை படுதோல்வியில் முடிந்தது. அதற்கும் முன்னால், 1660இல், புயலில் பாய்மரம் முறிந்து கொட்டியாரக் குடாவில் ஒதுங்கிய கப்பலின் மாலுமி றொபேட் நொக்ஸைக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைக்குக் கொண்டு வந்தார்கள். பத்தொன்பது வருடத்துக்கு மேல் இங்கே சிறையிருந்தார். சுவர் இல்லாத சிறை. வீடு கட்டினார், தொப்பி பின்னி விற்றார், ஆனால் போக முடியாது. 1679இல்தான் தப்பினார். கண்டி இராச்சியத்துக்குக் கடல்வாசலாக இருந்தது அந்தக் குடா என்பது இந்தக் கதையில் விளங்கும்.

கந்தளாயில் முட்டித் தயிர் வாங்குங்கள். குளத்தையும் பாருங்கள். கோணேசர் கோவிலைக் கட்டிய குளக்கோட்டன் என்ற மன்னன்தான் இந்தக் குளத்தையும் கட்டினான் என்பது இந்தப் பக்கத்து நம்பிக்கை. 1986 ஏப்ரலில் அணைக்கட்டு உடைந்து ஊர்களையே அடித்துக்கொண்டு போன குளமும் இதுதான்.

தங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். வயதானவர்கள் இருந்தால் நகருக்குள்ளேயே, டச்சு குடாப் பக்கம் எடுங்கள். கோட்டை வாசலுக்கு நடந்தே போகலாம். பிள்ளைகளுக்குக் கடற்கரைதான் முக்கியம் என்றால் உப்புவெளி, நிலாவெளி. ஒருமுறை இணையத்தில் "கடல் தெரியும் அறை" என்று போட்டிருந்ததை நம்பிப் பணம் கட்டினேன். கடல் தெரிந்தது உண்மைதான், தண்ணீர்த் தாங்கி மேல் ஏறி நின்றால். அதற்குப் பிறகு நேரில் பார்த்துத்தான் முன்பணம் கொடுக்கிறேன்.

இனி அந்த முனைக்கு வருவோம். ஒரு பக்கம் டச்சு குடா, மறுபக்கம் பின்குடா, நடுவில் கடலைக் கிழித்துக்கொண்டு நிற்கும் பாறைதான் சுவாமி மலை. அடிவாரத்தில் கோட்டை, உச்சியில் கோவில். கோவிலுக்குப் போக வேண்டும் என்றால் கோட்டைக்குள் நுழைந்துதான் ஆக வேண்டும். உள்ளே இப்போதும் இராணுவ முகாம் இருக்கிறது. பையைத் திறந்து பார்த்தால் முகத்தைச் சுளிக்காதீர்கள். இராணுவக் கட்டடங்களைப் படம் எடுக்காதீர்கள். ட்ரோன் கொண்டு வந்திருந்தால் அதை அறையிலேயே விட்டுவிடுங்கள். அனுமதி இல்லாமல் இலங்கையில் எங்குமே பறக்கவிடக் கூடாது, அதுவும் கடற்படைத் தளம் உள்ள துறைமுகத்தில்!

நம் ஆட்கள் எல்லோரும் பிழை விடுகிற இடம் அந்தக் கோட்டை வாசல். கோவிலுக்கு நேரமாகிறது என்று தலைதெறிக்க உள்ளே போகிறார்கள். நில்லுங்கள். வாசலின் நிலைக்கல்லைப் பாருங்கள். கல்லில் மீன் செதுக்கியிருக்கிறது. இணைகயல், பாண்டியர் சின்னம். பக்கத்திலே தேய்ந்துபோன தமிழ் எழுத்துகள். வெயில் சாய்ந்து விழும் நேரத்தில் பார்த்தால் கோடுகள் கொஞ்சம் எழும்பித் தெரியும், உச்சி வெயிலில் வெறும் கல்லாகத்தான் தெரியும். முன்பு குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்பு பறங்கி (போர்த்துக்கேயன்) பிரிப்பான் என்று சொல்லும் பாட்டின் துண்டு அது. கோவில் கல் எப்படிக் கோட்டை வாசலுக்கு வந்தது என்ற கேள்விக்கு அந்தக் கல்லே பதில்.

1622இல் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தாந்தினோ டி சா இந்தக் கோவிலை இடித்தார். சித்திரை வருடப்பிறப்பன்று சுவாமி வெளியே ஊர்வலம் போன நேரத்தில், ஐயர் வேடம் போட்டுக்கொண்டு உள்ளே புகுந்தார்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். இடித்த கல் கொஞ்சம் கடலுக்குள் போனது, கொஞ்சம் கோட்டைச் சுவருக்குப் போனது. 1639இல் கண்டி மன்னனோடு கூட்டுச் சேர்ந்த ஒல்லாந்தர் கோட்டையைப் பிடித்தார்கள். 1782இல் மட்டும் அது ஒரே வருடத்துக்குள் ஆங்கிலேயர் கைக்குப் போய், பிறகு பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனது. 1795இல் மறுபடி ஆங்கிலேயர். 1803இல் இங்கிலாந்து மன்னர் மகன் ஒருவரின் பெயரைச் சூட்டி பிரெட்றிக் கோட்டை ஆக்கினார்கள். இத்தனை பேர் சண்டை பிடித்ததற்குக் காரணம் பின்னால் இருக்கும் துறைமுகம். உலகின் பெரிய, ஆழமான இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் வந்து குண்டு போட்டதும் அதற்காகத்தான். சீனக்குடாவில் ஆங்கிலேயர் கட்டிய 99 எண்ணெய்க் குதங்களைப் பற்றி இன்றைக்கும் பத்திரிகையில் செய்தி வராத வருடம் இல்லை.

கோட்டைக்குள் கிடைத்த இன்னொரு கல் 1223ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கிரந்த எழுத்தில் சோடகங்கன் என்பவன் பெயர் சொல்கிறது. அதற்கும் அறுநூறு வருடம் முன்பே சம்பந்தர் இந்தத் தலத்துக்குப் பதிகம் பாடிவிட்டார். இலங்கையில் பாடல் பெற்ற தலம் இரண்டே இரண்டு, இதுவும் மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரமும். சந்தனமும் அகிலும் மணியும் அள்ளி வந்து, ஓசையிடும் கடல் முத்தை ஒதுக்குகிற மலை என்று பாடியிருக்கிறார். அலை பாறையில் மோதுவதைக் கேட்டபடி அந்தப் பதிகத்தை ஒருவர் வாய்விட்டுப் படித்தால், மற்றவர்கள் கைபேசியைத் தானாகவே கீழே வைப்பார்கள். ஓதத் தெரிந்தவர் யாராவது கூட்டத்தில் இருந்தால் விட்டுவிடாதீர்கள்.

வாசலில் இருந்து கோவிலுக்கு ஒரு கிலோமீற்றர் அளவு ஏற்றம். நம் மலையில் பிறந்தவர்களுக்கு அது ஏற்றமே இல்லை. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள்தான் மூச்சு வாங்குவார்கள். பாதையோரம் புள்ளிமான்கள் மாடு மாதிரி படுத்திருக்கும். பழத்தோலோடு பொலித்தீன் பையையும் சேர்த்துத் தின்கின்றன, ஆகவே பையைக் கையில் இறுக்கிப் பிடியுங்கள். இடையில் ஒரு பௌத்த விகாரையும் பெரிய புத்தர் சிலையும் இருக்கின்றன. இந்த முனையில் யாருக்கு எவ்வளவு உரிமை என்ற வழக்கு இன்னும் ஓயவில்லை. கடை வைத்திருக்கும் ஆட்களிடம் அதைப் பற்றிக் கேட்டால் மெதுவாகத்தான் பேசுவார்கள். நீங்களும் மெதுவாகவே கேளுங்கள்.

நான் முதல் தடவை செய்த பிழை, மத்தியானம் ஒரு மணிக்குப் போய் நின்றது. நடை சாத்தியிருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டோம், பாறை சுட்டது. காலை மாற்றி மாற்றித் துள்ளிக்கொண்டு, நிழல் தேடி ஓடினோம். எங்களைப் பார்த்துப் பூக்காரம்மா சிரித்தார். "மலையில இருந்தா வந்தீங்க?" என்று கேட்டார். எப்படித் தெரியும் என்றதற்கு, "இந்த வெயிலுக்கு ஜக்கெட்டைக் கையில தூக்கிக்கிட்டு வேற யாரு வருவா" என்றார். விடியற்காலை போங்கள், இல்லாவிட்டால் நாலரைக்குப் பிறகு போங்கள். அர்ச்சனைக்குப் பெயரும் நட்சத்திரமும் கேட்பார்கள். கனடாப் பிள்ளைகள் நட்சத்திரம் தெரியாமல் முழிப்பார்கள், வீட்டிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். சுவாமி கோணேசர், அம்பாள் மாதுமை.

இப்போது இருப்பது பழைய கோவில் இல்லை. இடித்த பிறகு மூன்று நூற்றாண்டுக்கு மேல் இங்கே கட்டடமே கிடையாது. ஆனாலும் ஆட்கள் வந்து பாறை நுனியில் நின்று கடலில் பூவும் பழமும் போட்டுக் கும்பிட்டார்கள். எனக்கு இந்த இடத்தைப் பற்றிப் பிடித்த செய்தியே இதுதான். காப்பாற்றிய விக்கிரகங்களுக்குத் தம்பலகாமத்தில், கண்டி மன்னன் ஆதரவில், ஆதி கோணேசர் கோவில் எழுந்தது. கந்தளாயில் இருந்து வரும் வழியில் கொஞ்சம் உள்ளே போனால் வயல் நடுவில் பார்க்கலாம். அப்புறம் 1950இல் கிணறு வெட்டும்போது மண்ணுக்குள் இருந்து வெண்கலச் சிலைகள் கிடைத்தன. 1956இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவர் நண்பர் மைக் வில்சனும் பாறைக்குக் கீழே கடலில் மூழ்கி, தூண்களும் செதுக்கிய கற்களும் கிடப்பதைக் கண்டார்கள். வில்சன் எடுத்து வந்த இலிங்கம் கோவிலில் இருக்கிறது. 1963இல் புதுக் கோவிலுக்குக் கும்பாபிஷேகம் நடந்தது.

கோவிலை ஒட்டி இராவணன் வெட்டு. பாறை மேலிருந்து கீழ் வரை கத்தியால் பிளந்த மாதிரி நிற்கும், நூறு மீற்றருக்கு மேல் உயரம். தாய்க்காக இராவணன் மலையையே தூக்கப் பார்த்து வாளால் வெட்டினான் என்பது கதை. நுவரெலியாவில் நம்மிடம் சீதையம்மன், இங்கே இராவணன். இரண்டு கோவிலுக்கும் போய் வருபவர் யார் பக்கம் நிற்பது என்று எங்கள் வானில் ஒரு பெரிய பட்டிமன்றமே நடந்திருக்கிறது. விளிம்பில் நிற்கும் மரத்தில் சின்னச் சின்ன மரத் தொட்டில்கள் கட்டித் தொங்கும். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. காற்றுக்கு ஒன்றோடொன்று முட்டி டக் டக் என்று சத்தம் கேட்கும். மார்ச், ஏப்ரல் காலையில் கடல் அடங்கியிருந்தால், தூரத்தில் நீலத்திமிங்கிலம் விடும் மூச்சு வெள்ளையாக எழும்பும். ஒரே ஒரு தடவை பார்த்தேன். பக்கத்தில் நின்றவர் சொல்லித்தான் அது அலை இல்லை என்று தெரிந்தது.

சிவராத்திரிக்கு வர முடிந்தால் வாருங்கள். மறுநாளில் இருந்து ஐந்து நாள் கோணேசர் மலை இறங்கி நகர்வலம் வருவார். வீட்டுக்கு வீடு நிறைகுடம் வைப்பார்கள். தங்குமிடத்துக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

இரண்டாம் நாள் கன்னியா. ஏழு வெந்நீர்க் கிணறு, ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூடு. டிக்கெட் எடுத்து உள்ளே போய் வாளியால் அள்ளி ஊற்றிக் குளிக்கலாம். மாற்றுத் துணி வேண்டும். இளசுகள் நிலாவெளிக்கு எதிரே உள்ள புறாத்தீவுக்குப் படகில் போகட்டும். பவளப் பாறையில் காலை வைக்காதே என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து வருபவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். மலையகத் தமிழரில் பலரை இந்தியாவுக்கு அனுப்பிய 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு நீலகிரிக்கும் கூடலூருக்கும் போன குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இப்போது ஊர் தேடி வருகிறார்கள். நாகப்பட்டினம் காங்கேசன்துறைக் கப்பல் ஓடுகிற நாட்களில் அதில் வந்து, யாழ்ப்பாணத்தில் இருந்து திருகோணமலைக்கு இறங்கி, அங்கிருந்து மலைக்கு ஏறலாம். கப்பல் ஓடுகிறதா என்று புறப்படும் வாரத்திலேயே கேளுங்கள், காற்றுக்காலத்தில் நிறுத்திவிடுவார்கள். தாத்தா இருந்த தோட்டத்தின் பெயரோடு அதன் பிரிவின், அதாவது டிவிசனின் பெயரையும் எழுதிக்கொண்டு வாருங்கள், மேற்கணக்கா கீழ்க்கணக்கா என்பது உட்பட. வெறும் தோட்டப் பெயரை வைத்து இங்கே ஆளைத் தேட முடியாது.

மூன்றாம் நாள் காலை, திரும்புவதற்கு முன், மூதூர்ப் பாதையில் ஒரு சுற்றுப் போய் வாருங்கள். கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்தது, கிட்டத்தட்ட 400 மீற்றர் நீளம். முன்பெல்லாம் பாதைப் படகுக்குக் காத்திருந்த இடம். அதையும் தாண்டிப் போனால் கங்கைப் பாலம். அங்கேதான் மகாவலி கடலுக்குப் போகிறது. பாலத்தில் வண்டியை நிறுத்தாதீர்கள். தாண்டிப் போய் ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து வாருங்கள்.

போன வருடம் டொரோண்டோவில் இருந்து வந்த சின்னம்மாவை அங்கே கூட்டிப் போனேன். சின்ன வயதில் லயத்து வரிசை வீடுகளுக்குக் கீழே அந்தக் கொத்மலை ஓயாவில் துணி துவைத்தவர். அங்கே தண்ணீர் வெள்ளையாக, கல்லுக்குக் கல் குதித்து ஓடும். இங்கே அகலமாக, மண்நிறத்தில், நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது. வழியில் பொல்கொல்லையில் 1976இல் இருந்தே ஒரு பங்கை வயல்களுக்குத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள் என்றேன், மிச்சம்தான் இது. அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நம்ம ஆறா இது? நல்லா உடம்பு வச்சிருச்சே" என்றார். அப்புறம், கந்தளாயில் தயிர்க் கடை எத்தனை மணிக்குப் பூட்டுவான் என்று கேட்டார்.